கையடக்கக் கணினிகளும் வேகக் கணக்கும்

மருதமுனை நெசவாளரிடம் சாரம் வாங்கச் செல்பவர் முதலில் விசாரிப்பது நூலின் இலக்கத்தை. 60ஆம் இலக்க நூலா, 80ஆம் இலக்க நூலா என்பதே கேள்வி. இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். மெல்லிய நூலில் நெய்த துணி உடலுக்கு இதமாக இருக்கும். ஆயினும் பழக்கப்பட்ட கை அதனோடு நின்றுவிடுவதில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை நெருக்கத்தைப் பார்க்கும். கரையை இழுத்துப் பார்க்கும். சாயம் ஒட்டுகிறதா என்று ஈரவிரலால் தேய்த்துப் பார்க்கும். 80ஆம் இலக்க நூலைக் கொண்டு ஐதாக நெய்த சாரம், 60ஆம் இலக்க நூலில் இறுக நெய்த சாரத்தின் முன்னே நில்லாது என்பது கல்முனைக் கரையில் சிறுவரும் அறிந்த செய்தி.

கணினிச் சந்தையிலும் இத்தகைய ஓர் இலக்கம் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. மெகாஹேர்ட்ஸ் என்பது அதன் பெயர். கணினியின் மூளையாக உள்ள சில்லு ஒரு வினாடிக்கு எத்தனை பத்துலட்சம் முறை துடிக்கிறது என்பதை அது சொல்லும். கைக்குள் அடங்கும் கணினிகள் கடைக்கு வந்த காலத்தில் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் பொறிக்கப்பட்டது இவ்வெண்ணே. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் திரும்பியவர் கொண்டுவந்த பொருளானாலும், கொழும்பில் பிறர் பாவித்ததை விலைபேசி எடுத்ததானாலும், ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிட விரும்பியவருக்கு எளிதிற் கிடைத்த அளவுகோல் அது ஒன்றுதான். அந்த அளவுகோல் எங்கே பொய்த்தது, ஏன் பொய்த்தது என்பதே இக்கருவிகளின் சரித்திரத்தில் கவனிக்கத்தக்க பகுதி.

சரித்திரம் 1984இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டில் இங்கிலாந்தின் சையன் நிறுவனம் ஓர்கனைசர் என்னும் கருவியை வெளியிட்டது. பின்னர் 1991இல் அதே நிறுவனம், மூக்குக் கண்ணாடிக் கூடு போல மடித்துத் திறக்கும், விசைப்பலகையோடு கூடிய மூன்றாம் வரிசைக் கருவியைக் கொண்டுவந்தது. 1993இல் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கருவியோடு களம் இறங்கியது. மனிதர் எழுதுகிறபடியே கோலால் எழுதினால் எழுத்தை அறிந்துகொள்ளும் என்பது நியூட்டனின் பெருமை. அந்நாளைய அளவுக்கு அதன் சில்லு வலியது, 20 மெகாஹேர்ட்ஸ். ஆனால் எழுதியது ஒன்று, கருவி வாசித்தது வேறொன்று என்று ஆகவே, பத்திரிகைகளின் கேலிக்கு அது இலக்காயிற்று. 1998இல் ஆப்பிள் அதன் உற்பத்தியைக் கைவிட்டது.

இதற்கிடையில் 1996இல் பைலட் என்னும் சிறு கருவி பிறந்தது. இலங்கையின் தென்கிழக்குக் கரைக்குரிய பல்கலைக்கழகக் கல்லூரி முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஆண்டும் அதுவே. பைலட்டின் வேகம் 16 மெகாஹேர்ட்ஸ் மாத்திரம். நினைவகம் 128 கிலோபைட். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் நியூட்டனுக்கு அது எவ்வகையிலும் ஈடாகாது. எனினும் வென்றது பைலட்டே. அதனை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறக்குமுன்னரே அதே அளவில் ஒரு மரத்துண்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார். யாரையேனும் சந்திக்க நாள் குறிக்க நேர்ந்தால் மரத்துண்டை வெளியே எடுத்து அதன் மேல் எழுதுவதுபோற் பாவனை செய்வார். எத்தனை முறை தட்டினால் வேலை முடியும், எத்தனை முறை தட்டினால் சலிப்பு வரும் என்பதை அவர் அவ்வாறு அறிந்தார். மரத்துண்டுக்கு மெகாஹேர்ட்ஸ் ஏது? விசையை அமுக்கியதும் விலாசம் கண்முன் வந்தது; இரண்டு சிறு மின்கலங்களில் வாரக்கணக்காக ஓடியது; மக்கள் வாங்கினர். மனிதர் எழுத்தைக் கருவி கற்பதற்குப் பதிலாக, கருவிக்கு எளிதான ஒற்றைக்கோட்டு எழுத்துகளை மனிதர் கற்கும்படி செய்தது அவருடைய மற்றொரு துணிவு.

துடிப்பின் எண்ணிக்கை போதாது என்பதைக் கணினி அறிஞர்கள் இதற்கு வெகுகாலம் முன்னரே உணர்ந்திருந்தனர். ஒரே துடிப்பில் ஒரு சில்லு செய்யும் வேலையை இன்னொரு சில்லு மூன்று துடிப்பில் செய்யலாம் அன்றோ? ஆகவே எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, எது முதலில் முடிக்கிறதென்று பார்க்கும் பரீட்சைகளை வகுத்தனர். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான வெட்ஸ்டோன் அவற்றுள் புகழ்பெற்றது. அது தசமக் கணிதத்தைச் சோதிப்பது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் என்பவர் முழுவெண் வேலைகளுக்கு ஒரு பரீட்சையை ஆக்கினார். வெட்ஸ்டோன் என்பது ஆங்கிலக் காதில் ஈரக்கல் என விழுவதால், தமதுக்கு உலர்கல் எனத் தொனிக்கும்படி டிரைஸ்டோன் என்று பெயரிட்டார். அறிஞருக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

வாக்ஸ் 11/780 என்ற பழைய பெருங்கணினி டிரைஸ்டோன் பரீட்சையை ஒரு வினாடிக்கு 1,757 தடவை செய்தது. அதனை ஒன்று என்று வைத்து, ஏனைய கணினிகள் அதற்கு எத்தனை மடங்கு என்று கூறுவது வழக்கமாயிற்று. இந்த மடங்கும் விரைவில் விளம்பரப் பலகைக்கு ஏறியது. ஆனால் பரீட்சை மிகச் சிறியது. சில்லின் உள்ளேயே இருக்கும் சிறு தற்காலிகக் களஞ்சியத்தில் முழுவதும் அடங்கிவிடும். உண்மை வேலையோ அடங்காது. வினாத்தாளை முன்கூட்டியே அறிந்த மாணவன் பெற்ற புள்ளியைப் போன்றது, அப்பரீட்சையில் எடுத்த பெரும் புள்ளி.

2000ஆம் ஆண்டில் கொம்பாக் நிறுவனத்தின் ஐபேக் வெளிவந்தது. அதில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் ஸ்ட்ரோங்ஆர்ம் எஸ்.ஏ.1110 என்னும் சில்லு, 206 மெகாஹேர்ட்ஸ், மேற்கூறிய மடங்குக் கணக்கில் 235. வண்ணத் திரை, 32 மெகாபைட் நினைவகம், 499 டொலர் விலை. அதே மைக்ரோசொஃப்ட் மென்பொருளில் இயங்கிய கசியோ கருவியும், ஹியூலெட் பக்கார்ட்டின் ஜோர்னடா 540 வரிசையும் வெவ்வேறு குலத்துச் சில்லுகளைக் கொண்டிருந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. மறு வருடம் மைக்ரோசொஃப்ட் தன் அடுத்த பதிப்பை ஆர்ம் குலத்துக்கு மட்டும் உரியதாக்கிவிட்டது. ஏனைய இரு குலத்துக் கருவிகளும் பழுதேதும் இல்லாமலே ஒரே நாளில் மூப்படைந்தன. அவற்றைப் பின்னாளில் மலிவாக வாங்கியவர், புதிய நிரல் எதுவும் அவற்றுக்கு எழுதப்படுவதில்லை என்பதை வாங்கிய பின்னரே கண்டார்.

நிற்க, 2002ஆம் ஆண்டில் நடந்ததே எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை. இன்டெல் நிறுவனம் பி.எக்ஸ்.ஏ.250 என்ற புதிய சில்லை அவ்வாண்டு வெளியிட்டது. அதன் துடிப்பு 400 மெகாஹேர்ட்ஸ். பழையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தோஷிபாவின் ஈ740 கருவியும், ஐபேக் வரிசையின் புதிய கருவிகளும் அதனோடு சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் பழைய கருவியையும் புதிய கருவியையும் பக்கத்தில் வைத்து ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தனர். பல சோதனைகளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. சிலவற்றில் 206ஆம் இலக்கமே முந்திற்று!

இஃது எவ்வாறு நேர்ந்தது? சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றை நினைத்தால் விளங்கும. ஆலையின் மோட்டாரை இரு மடங்கு வேகமாகச் சுழலச் செய்யலாம். ஆனால் மூட்டையைச் சுமந்து வந்து வாயிற் கொட்டுபவரின் நடை கூடாவிட்டால், மோட்டார் வெறுமனே சுழன்றுகொண்டு நெல்லுக்காகக் காத்திருக்கும். புதிய சில்லு 400இல் துடித்தது. அதற்கும் நினைவகத்துக்கும் இடையே தரவைச் சுமக்கும் பாதையோ 100 மெகாஹேர்ட்ஸில்தான் நடந்தது. மேலும், புதிய சில்லில் ஒரு கட்டளை நிறைவேறக் கடக்க வேண்டிய படிகள் ஐந்திலிருந்து ஏழாகக் கூடியிருந்தன. நிரல் எதிர்பாராத பக்கம் திரும்பும்போதெல்லாம் பாதி வழியில் நிற்கும் கட்டளைகளைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். படி கூடினால் கொட்டுவதும் கூடும். அன்றியும், அந்நாளைய மைக்ரோசொஃப்ட் மென்பொருள் பழைய ஆர்ம் கட்டளைத் தொகுதிக்கென்று ஆக்கப்பட்டது. புதிய சில்லின் புதிய வசதிகளை அது தொடவே இல்லை. 2003இல் உட்பாதையை 200 மெகாஹேர்ட்ஸாக்கிய பி.எக்ஸ்.ஏ.255 வந்த பிறகே வாங்குவோரின் முறைப்பாடு அடங்கியது. பழைய கருவிகளின் பட்டியலில் 250, 255 என்ற இரண்டும் 400 மெகாஹேர்ட்ஸ் என்றே பதிவாகி நிற்கின்றன. அந்த ஐந்து என்ற ஓர் இலக்கத்தில் எவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறதென்று பட்டியல் சொல்லாது.

ஒரே நூலைப் பல தறிகளில் ஏற்றினால் பல துணிகள் பிறக்கும். எஸ்.ஏ.1110 என்னும் அந்த 206 மெகாஹேர்ட்ஸ் சில்லும் அவ்வாறே ஐபேக்கில் ஏறிற்று. விசைப்பலகை கொண்ட ஜோர்னடா 720இல் ஏறிற்று. ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் லினக்ஸ் மென்பொருளோடு வெளியிட்ட சோரஸ் 5500இல் ஏறிற்று. நான்காவது தறி இந்தியாவில், பெங்களூரில் இருந்தது. அதில் நெய்யப்பட்டதே சிம்ப்யூட்டர்.

1998இல் பெங்களூரில், வளர்முக நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் குறித்து ஒரு மாநாடு நடைபெற்றது. எழுத்தறிவு குறைந்த கிராமத்தவரும் தம் மொழியிற் பாவிக்கத்தக்க மலிவான கணினி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே கருக்கொண்டது. இந்திய விஞ்ஞான நிலையத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த சிலரும் கூடி 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி மக்கள் முன் வைக்கப்பட்டது. விலை 9,000 இந்திய ரூபாவுக்கு அண்மையில் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

அதன் சிறப்பு சில்லில் இல்லை; சில்லு ஐபேக்கில் இருந்ததே. இந்திய மொழி எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும் த்வனி என்ற மென்பொருள் அதற்கென்று ஆக்கப்பட்டது. அன்றியும் அட்டை செருகும் வாயில் ஒன்று கருவியின் உடலிலேயே இருந்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும். ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சிறு அட்டையில் வைத்திருந்து, தேவைப்படும்போது செருகிப் பாவிக்கலாம். தனி ஒருவரின் சட்டைப்பைக்கென்று மேல்நாட்டார் செய்த பொருளை, பத்து வீட்டார் மாறி மாறிப் பிடிக்கும் பொருளாக மாற்றி நினைத்த அந்த நினைப்பு பெரிது. எந்த வேகப் பரீட்சையிலும் அதற்குப் புள்ளி இல்லை.

ஆனால் காலம் அதற்காகக் காத்திருக்கவில்லை. மாதிரிக்கும் விற்பனைக்கும் இடையே மூன்று ஆண்டுகள் கழிந்தன. பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனமும் பிக்கோபீட்டா நிறுவனமும் சேர்ந்து 2004 மார்ச்சில் அமிடா என்ற பெயரில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தன. மிக மலிவான வகை 9,950 ரூபா. வண்ணத்திரை வகை அதன் இரு மடங்கு. முதலாண்டில் 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தனர். விற்றது ஏறத்தாழ 4,000. அதற்குள் கைத்தொலைபேசி அதனிலும் மலிந்துவிட்டது. சிம்ப்யூட்டர் தோற்றதற்கு வேகக் குறைவைக் காரணம் சொல்வோர் உண்டு. அது பொருந்தாது. அதே சில்லைக் கொண்ட ஐபேக் பெருந்தொகையாக விற்றது. தாமதமும், வாங்கும் சக்தியற்ற கிராமத்தவரின் சார்பில் முன்வந்து வாங்க வேண்டிய அரச திணைக்களங்களின் தயக்கமுமே அதனை வீழ்த்தின என்று கொள்வதே நியாயம்.

இனிக் கல்முனைப் பக்கம் திரும்பலாம். அக்காலத்தில் கல்முனைக் கடைவீதியில் ஒரு கையடக்கக் கணினியை எடுத்துப் பார்க்கும் வியாபாரிக்கு வேண்டியது யாது? அம்பாறைக் கரையோரத்தில் வியாபாரம் போகத்தோடு பிணைந்தது. விதைப்புக் காலத்தில் கொடுத்த கடன் அறுவடையில் திரும்பும். பெரும்போகம் முழுவதும் நூற்றுக்கணக்கான பெயர்களும் தொகைகளும் கடன் கொப்பியில் நிற்கும். அந்தப் பெயர்கள் தமிழில் உள்ளவை.

கருவிகளோ தமிழ் அறியா. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகள் கொண்ட மொழியை, பைலட்டின் ஒற்றைக்கோட்டு எழுத்து முறைக்குள் அடக்க வழியில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது எண் வழங்கும் யுனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது உண்மை. ஆனால் எண் இருப்பது வேறு, அந்த எண்ணைப் பார்த்துக் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைத்துத் திரையில் வரைவது வேறு. இலங்கையின் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் அந்நாளில் நிலைபெற்றிருந்தது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியது அது. பாமினியில் தட்டிய வாடிக்கையாளர் பட்டியலைக் கையடக்கக் கருவிக்கு மாற்றினால், எழுத்துரு அங்கே இல்லாமையால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையே திரையில் விரியும். 16 மெகாஹேர்ட்ஸ் ஆயினும் 400 மெகாஹேர்ட்ஸ் ஆயினும் குப்பை ஒன்றே. வேகமான கருவி அதனைச் சற்று விரைவாகக் காட்டும்.

இதனினும் ஆபத்தானது ஒன்று உண்டு. அக்கருவிகளில் பெரும்பாலானவை எழுதியதை மின்சாரம் உள்ளவரையே நினைவில் வைத்தன. பைலட்டில் மின்கலத்தை மாற்ற ஒரு நிமிடமளவே அவகாசம். அதற்குள் புதியதை இடாவிட்டால் எல்லாம் அழியும். ஐபேக் போன்றவற்றில் மின்கலம் முற்றாக வடிந்தால், மறுபடி மின்னேற்றும்போது கருவி அன்று பிறந்த குழந்தையாக விழிக்கும். பெயரும் இராது, கடனும் இராது. 2005இல் வந்த விண்டோஸ் மொபைல் 5 பதிப்போடுதான், மின்சாரம் அற்றாலும் அழியாத நினைவகத்தில் பதிவுகளை வைக்கும் முறை மைக்ரோசொஃப்ட் கருவிகளுக்கு வந்தது. வரட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்து, 2001இலும் 2002இலும் நாடெங்கும் மின்வெட்டு நிலவிய காலத்தை நினைவுகூர்வோர்க்கு இதன் பாரம் தெரியும். கடன் கொப்பி மின்வெட்டுக்கு அஞ்சாது.

கொப்பி அஞ்சவேண்டியது வேறொன்றுக்கு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் பொங்கிவந்தபோது, நாட்டில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரத்து ஊர்கள் வரிசையாக அழிந்தன. உயிர்களின் முன்னே ஏட்டுக்கு மதிப்பில்லைதான். எனினும் உயிர்தப்பியவர் மறுவாழ்வு தொடங்கியபோது காணி உறுதி, பிறப்புச் சான்று, கடைக்கணக்கு ஆகியவை நீரோடு போனதன் துன்பம் மாதக்கணக்கில் தொடர்ந்தது. அந்நாட்களில் கொழும்பில் தொண்டர்களான மென்பொருளாளர்கள் இராப்பகலாக உழைத்து, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவதற்குச் சகானா என்ற முறைமையை ஆக்கினர். அதன் பதிவுகள் ஒருவர் கையிலுள்ள கருவியில் இருக்கவில்லை. தொலைவிலுள்ள கணினியில், பலர் ஒருங்கே பார்க்கத்தக்கதாக இருந்தன. கடைக்கணக்கும் பின்னாளில் அந்த வழியையே பின்பற்றியது.

அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. கைத்தொலைபேசியில் தமிழில் எழுதித் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப அது வழிசெய்தது. அதனை மக்களிடம் கொண்டுசென்றதில் அந்நாட்டின் தமிழ் வானொலிக்கும் பங்குண்டு. அத்தொலைபேசிகளின் சில்லு ஐபேக்கின் சில்லுக்கு எட்டாதது. ஆனால் ஐபேக் எழுதாத தமிழை அவை எழுதின. பிறகு சில ஆண்டுகளில் கையடக்கக் கணினி என்ற தனிப்பண்டமே தொலைபேசிக்குள் கரைந்துவிட்டது.

இன்று அப்பழைய கருவிகளை ஆர்வத்தினால் வாங்குவோர் உண்டு. விற்பவர் எழுதும் குறிப்பில் முதலில் நிற்பது இன்றும் மெகாஹேர்ட்ஸே. அனுபவமுள்ளவர் அதனைத் தாண்டிப் போகின்றார். திரையின் நான்கு மூலைகளையும் கோலால் தொட்டு, தொட்ட இடத்திலேயே புள்ளி விழுகிறதா என்று பார்க்கின்றார். மேசைக் கணினியோடு இணைக்கும் தொட்டிலும் கம்பியும் உடன் வருகின்றனவா என்று கேட்கின்றார். அவையின்றிக் கருவிக்குள் ஒரு நிரலை ஏற்றுவதும் அரிது. இறுதியில் மின்கலத்துக்கு வருகின்றார். முதல் ஐபேக்கின் மின்கலம் உடலுக்குள் வைத்து மூடப்பட்டது; இருபது ஆண்டுகளில் அது செத்திருக்கும், மாற்றுவதற்குக் கருவியையே பிரிக்க வேண்டும். 16 மெகாஹேர்ட்ஸ் பைலட்டுக்கு வேண்டிய இரண்டு சிறு மின்கலங்கள் கல்முனைக் கடைவீதியில் எந்தப் பெட்டிக்கடையிலும் இன்றும் கிடைக்கின்றன.